பெங்களூர்ச் சாலையும் நம் சமுதாயமும்

சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் நெடுஞ்சாலையை அறியாதார் நம் மாவட்டத்தில் இலர். சுங்குவார்சத்திரம், பொன்னேரிக்கரை, வெள்ளைகேட், பாலுசெட்டிசத்திரம், தாமல் என்று அது நம் ஊர்களின் ஊடே செல்கின்றது. நெடுங்காலம் 4ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என வழங்கிய அது, 2010ஆம் ஆண்டில் நாடெங்கும் சாலைகளுக்குப் புதிய எண்கள் அளிக்கப்பட்டபோது 48 என்னும் எண்ணைப் பெற்றது. தில்லியில் தொடங்கி ஜெய்ப்பூர், அகமதாபாத், சூரத், மும்பை, புனே, பெங்களூர், வேலூர் வழியாக வந்து சென்னையில் முடிவது அது. காஞ்சிப் பட்டுக்கு வேண்டிய பட்டு நூல் கருநாடகத்திலிருந்து வருகின்றது. சரிகை சூரத்திலிருந்து வருகின்றது. நூல் தரும் நாட்டையும் சரிகை தரும் ஊரையும் நம் நகரத்தோடு பிணைப்பது இந்த ஒரே சாலைதான்.

பட்டு வந்த வழியைப் பற்றி எழுதியோர் பலர். ஆனால் அச்சாலையைச் சமைத்த கைகள் எவருடையவை, அதில் தலைநிமிர்ந்து நடக்கும் உரிமை நமக்கு எப்போது வந்தது என்பனவற்றை எழுதியோர் மிகச் சிலரே. வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் இளைஞர்கள் இவற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

காஞ்சிக்கு வரும் வழிகள் மிகப் பழைமையானவை. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகர் கூட்டம் செல்வதையும், வழியில் காவலர் நின்று சுங்கம் கொள்வதையும் கூறுகின்றது. இன்று நெமிலியிலும் சென்னசமுத்திரத்திலும் சுங்கச் சாவடியில் வண்டிகள் வரிசையில் நிற்பதைக் காணும்போது, ஈராயிரம் ஆண்டுகளாக இவ்வழியில் மாறாதது இது ஒன்றே போலும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

பிற்காலத்தில் இது படைகள் செல்லும் வழியாயிற்று. 1751ஆம் ஆண்டில் இராபர்ட் கிளைவ் சென்னையிலிருந்து காஞ்சி வழியாகச் சென்றே ஆர்க்காட்டைக் கைப்பற்றினார். 1780 செப்டம்பரில் நம் ஊரை அடுத்த புள்ளலூரில் ஐதர் அலியின் படையும் திப்புவின் படையும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்தன. இவை பாடநூல்களில் உள்ளன. அதே 1780ஆம் ஆண்டில் நிகழ்ந்த மற்றொன்று பாடநூல்களில் காணப்படுவதில்லை. அவ்வாண்டில்தான் கும்பினியார் பயனியர் என்னும் படைப்பிரிவைச் சென்னையில் தொடங்கினர். படை செல்வதற்கு முன்னே சென்று காடு வெட்டுவதும், வழி சமைப்பதும், ஆற்றுக்குப் பாலம் இடுவதும் அப்படையினரின் பணி. அதில் சேர்ந்து மண்வெட்டியும் துப்பாக்கியும் ஒருங்கே ஏந்தியவர்களில் பறையர் குலத்தினர் பெருந்தொகையினர். அப்படையே பின்னர்ச் சென்னைச் சாப்பர்ஸ் எனப் பெயர் பெற்றுப் பெங்களூரில் நிலைகொண்டது. அதன் வீரர்களைத் ‘தம்பி’ என்று அழைக்கும் வழக்கம் இன்றளவும் உண்டு. ஊருக்குள் பொது வழியில் நடக்க விடப்படாதவர்கள், நாட்டுக்கு வழி சமைக்கும் படையில் முன்வரிசையில் நின்றார்கள்.

படையில் சேராதவர்களும் சாலைக்கு உழைத்தார்கள். 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சத்தின்போது, உயிர் பிழைக்க வழியற்ற மக்களைக் கொண்டு அரசினர் நிவாரண வேலைகளை நடத்தினர். சாலைக்குக் கல் உடைத்தனர், மண் சுமந்தனர், கடலோரமாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாயை வெட்டினர். 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவர் வந்து, நாள் முழுதும் உழைக்கும் ஆண் ஒருவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். நிலமற்ற கூலிகளே அப்பஞ்சத்தில் முதலில் மடிந்தவர்கள். நிலமற்ற கூலிகள் என்றால் செங்கல்பட்டு மாவட்டத்தில் அவர்கள் யார் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி இருப்புப் பாதைக்கு வருவோம். தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. அப்பாதை காஞ்சியைத் தொடாமல் வடக்கே ஒதுங்கிச் சென்றது. 1865இல் அரக்கோணத்திலிருந்து ஒரு சிறு பாதை காஞ்சிக்கு வந்தது. இதற்கு ஓராண்டு முன்னரே, 1864இல், சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுக்கு இரயில் சென்றுவிட்டது. இரயிலில் ஒரு புதுமை இருந்தது. பெட்டிகள் கட்டணத்தால் பிரிக்கப்பட்டிருந்தனவேயன்றிச் சாதியால் பிரிக்கப்படவில்லை. மூன்றாம் வகுப்புச் சீட்டை வாங்கியவர் எவராயினும் அப்பெட்டியில் ஏறலாம். தெருவில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி நிற்க வேண்டிய இருவர், ஒரே பலகையில் தோளோடு தோள் உரச அமர்ந்து செல்லும் நிலை ஏற்பட்டது.

அந்தப் பாதையில் ஏறி மேற்கே சென்றவர்கள் பலர். 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கும்பினியார் கோலாரில் தங்கச் சுரங்கத் தொழிலைத் தொடங்கியபோது, பூமிக்கடியில் இறங்கித் தொழில் செய்யச் சென்றவர்களில் வட ஆர்க்காட்டுப் பகுதியைச் சேர்ந்த நம் மக்களே பெரும்பாலோர். உயிருக்கு உத்தரவாதமில்லாத வேலை அது. ஆயினும் கூலி காசாகக் கிடைத்தது. பண்ணையாரின் களத்தில் படி நெல்லுக்குக் காத்து நிற்க வேண்டியதில்லை. காசு கையில் வந்தவுடன் அங்கே பள்ளிகளும் சங்கங்களும் பத்திரிகை படிக்கும் வழக்கமும் தோன்றின. அச்சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிலும் இச்சாலையை ஒட்டி வளர்ந்ததே. அதன் உழைப்பும் நாற்றமும் நம்முடையவையாயின, இலாபம் பிறருடையதாயிற்று.

நிற்க. தொலைவிலுள்ள கோலாருக்குச் செல்ல முடிந்தவர், தம் ஊரிலேயே தேர் ஓடும் தெருவில் நடக்க முடியவில்லை. அரசின் பணத்தில் அமைந்த சாலை, அரசின் பணத்தில் வெட்டிய கிணறு, அரசு அலுவலகம் ஆகியவற்றில்கூட இத்தடை இருந்தது. வழிநெடுகச் சத்திரங்கள் இருந்தன. சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம் என்று ஊர்ப்பெயராகவே அவை நிலைத்துவிட்டன. இத்தகைய சத்திரங்களின் திண்ணை நமக்கு உரியதாய் இருந்ததில்லை.

இந்நிலையை மாற்றும் சட்ட முயற்சி சென்னையில் நடந்தது. அதில் முன் நின்றவர்களுள் ஒருவர் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் ஆவார். 1893இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கி, இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக்கி நிமிர்ந்து நின்ற பெருமகன் அவர். அவரும், கோயம்புத்தூர்ப் பகுதியைச் சேர்ந்த ஆர். வீரையனும், பிற உறுப்பினரும் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் எடுத்த முயற்சியால், பொதுச் சாலை, தெரு, வழி ஆகியவற்றில் எவ்வகுப்பினர் நடப்பதற்கும் தடையில்லை, பொதுக் கிணறு, குளம், அலுவலகங்களையும் எவரும் அடையலாம் என்னும் தீர்மானம் 1924ஆம் ஆண்டில் நிறைவேறி, அரசாணையாகவும் வெளிவந்தது. அதே 1924ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் திருவிதாங்கூரில், கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடக்கும் உரிமைக்காக வைக்கம் போராட்டம் தொடங்கியது. அங்கே போராடியும் 1925 நவம்பரில் எல்லாச் சாலைகளும் திறக்கப்படவில்லை. வைக்கத்தை நம்மவர் நன்கு அறிவர். சென்னைத் தீர்மானத்தையோ அறிந்தவர் குறைவு. இது நம் குறையன்று, நமக்குக் கற்பிக்கப்பட்ட வரலாற்றின் குறை.

தாளில் வந்த உரிமை தெருவுக்கு வர நாளாயிற்று. எனவே 1938இல் எம்.சி. இராஜா கொண்டுவந்த சமூக இழிவு நீக்கச் சட்டம் தேவைப்பட்டது. அதற்குப் பின்னர், டாக்டர் அம்பேத்கர் தலைமையில் வரைவு செய்யப்பட்ட அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவில் கிணறு, குளம், குளிக்கும் துறை ஆகியவற்றோடு சாலை என்னும் சொல்லும் இடம்பெற்றது. உலகின் வேறு நாடுகளில் சாலையில் நடக்கலாம் என்று அரசியல் சட்டத்தில் எழுத வேண்டிய தேவை எழுந்திராது. நம் நாட்டில் எழுந்தது.

பேருந்தின் கதையும் இத்தகையதே. பேருந்துகள் தனியார் கையில் இருந்த காலத்தில் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்த முதலாளிகள் உண்டு. இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன், அவ்வாறு மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று உத்தரவிட்டார். நம் சமுதாயத்தில் பிறவாத அவர் செய்த இந்த உதவி நன்றியுடன் நினைக்கத்தக்கது. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றிய பின் ஏறும் உரிமை உறுதியாயிற்று. ஆயினும் 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டபோது, அப்பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று கலகம் செய்தனர். முடிவில் அவ்வாண்டிலேயே எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் பெயர்களும், எல்லாத் தலைவர்களின் பெயர்களும் நீக்கப்பட்டன. நாம் பேருந்தில் ஏறுவதைப் பொறுத்துக்கொண்டவர்கள், நம் பெயர் பேருந்தின் நெற்றியில் ஏறுவதைப் பொறுக்கவில்லை.

இன்று சாலை அகன்றுவிட்டது. தங்க நாற்கரத் திட்டத்தில் இதுவும் ஒரு பகுதி. 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் உற்பத்தியாகின்றன; திருப்பெரும்புதூரைச் சுற்றி மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. காலையும் மாலையும் நிறுவனப் பேருந்துகளில் செல்லும் பெண்களில் நம் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர். 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சானதால் தோழியர் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, ஒரு தொழிற்சாலைப் பெண்கள் இந்த நெடுஞ்சாலையிலேயே அமர்ந்து மறியல் செய்தனர். நூறாண்டுக்கு முன் நடக்க அனுமதி கேட்ட சாலையில், நியாயம் கேட்டு அமர்ந்தார்கள்.

இனி நாம் இளைஞர்களிடம் வலியுறுத்த விரும்புவது நிலத்தைப் பற்றியது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட 1010ஆம் எண் அரசாணை வந்தது. அதன்படி ஒப்படை செய்யப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். வருவாய்த் துறையார் டி.சி. நிலம் என்று வழங்குவதும் இவற்றையே. பத்தாண்டு வரை விற்றல் ஆகாது. அதன் பின்னும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு விற்றல் ஆகாது என்பது நிபந்தனை. சாலை ஓரத்தில் ஒரு ஏக்கர் சில நூறு ரூபாய் விலை போன காலத்திலேயே இந்நிலங்கள் கடனுக்கும் கலியாணத்துக்கும் கைமாறின. சாலை வளர வளர விலை வளர்ந்தது, கைமாற்றமும் வளர்ந்தது. 1994 அக்டோபரில் மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர்.

2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்ட 262 கிலோமீட்டர் பெங்களூர்–சென்னை விரைவுச் சாலையும் நம் மாவட்டத்தின் வழியே வருகின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் பரந்தூரில் விமான நிலையம் அமையும் என்று அறிவிக்கப்பட்டது. இழப்பீடு பட்டாவில் பெயர் உள்ளவருக்கே செல்லும். ஆகையால் ஒவ்வொரு சேரியிலும் படித்த பிள்ளைகள் நால்வர் சேர்ந்து, கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டைக் கேட்டு, தம் ஊர்ப் புல எண்களில் டி.சி. நிபந்தனை உள்ளவை எவை, அவை இப்போது யார் பெயரில் உள்ளன என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தல் வேண்டும். பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டோடும் அதனை ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். ஏனெனில் புதிய பதிவேட்டில் நிபந்தனைக் குறிப்பு விடுபட்டுப்போன ஊர்களும் உண்டு.