எலும்புருக்கியும் ஏழையின் அடுப்பும்

சேலத்து அம்மாபேட்டையைத் தறியொலியால் அறியாதார் யார்? ஊரார் மானங்காக்க ஆடை நெய்து தந்த தெருக்கள் அவை. குழித்தறியில் குனிந்த மார்பு, காற்றுப் புகாத சிறுமனை, அரைவயிற்றுக் கஞ்சி: இம்மூன்றும் எங்குண்டோ, அங்கெல்லாம் எளிதில் நுழையும் நோய் ஒன்றுண்டு. சதையை அரித்து எலும்பை எண்ணச் செய்வதால், அதனை எலும்புருக்கி என்றனர் மக்கள். முன்வினைப் பயன் என்றது வைதிகம். 1882-இல் செருமன் அறிஞர் இராபர்ட் கோக் அதன் கிருமியையே கண்டறிந்து காட்டினார். வினையன்று, கிருமி!

கிருமியைக் கொல்லும் மருந்து பிறவாத நாளில் ஓய்வும் நல்ல காற்றும் நல்லுணவுமே மருத்துவம். 1928-இல் தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 12 படுக்கைகளுடன் நிலையம் தொடங்கினார். 1937-இல் அரசு அதனை ஏற்றது. நற்பணிதான். ஆனால் படுக்கைகளோ சில, நோயாளிகளோ பல்லாயிரவர். இடம் கிடைப்பினும், நெசவாளி ஓராண்டு படுத்தால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பு அணையும்!

1956-இல் சென்னையில் எழுந்தது காசநோய் மருந்தாய்வு நிலையம். வாலேஸ் பாக்ஸ் தலைமையில் 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் மருத்துவ நிலையத்தில். மறு பிரிவினர் தம் குடிசையில். இருவர்க்கும் ஓராண்டு ஒரே மருந்து. 1959-இல் முடிவு வெளிவந்தது: கிருமி அடங்கியோர் நிலையத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. பெருஞ்செலவுப் படுக்கை தந்த பயனை, ஏறத்தாழ முழுமையாகக் குடிசையும் தந்தது! வீட்டிலிருந்தோரால் குடும்பத்தார்க்குக் கூடுதல் கேடும் விளையவில்லை. உலகெங்கும் மருத்துவமுறை மாறிற்று.

எனினும் அவ்வாய்விலேயே மற்றோர் உண்மையும் இருந்தது. நிலையத்தில் நன்கு உண்டவர் கூடுதலாக எடை ஏறினர். வீட்டில் இருந்தவர் குறைவாகவே ஏறினர். கிருமியைக் கொல்ல மருந்து போதும் என்று மகிழ்ந்த உலகம், மெலிந்த உடலைப் பின்னுக்குத் தள்ளிற்று.

அறுபதாண்டு கழித்து ஜார்க்கண்ட் மாநிலம் விடை தந்தது. நோயாளிகள் 2,800 பேர்க்கு மருந்தோடு உணவுப்பொருளும் வழங்கிய ஆய்வு, 2023-இல் வெளியாயிற்று. முதல் இரு திங்களில் எடை நூற்றுக்கு 5 பங்கு ஏறியவர்க்குச் சாவின் வாய்ப்பு 61 விழுக்காடு குறைவாயிருந்தது. குடும்பத்தார்க்கும் அரிசியும் பருப்பும் அளித்த வீடுகளில், புதிதாக நோயுற்றோர் 39 விழுக்காடு குறைந்தனர். சோறு நோயாளியின் உயிரைக் காத்தது. அண்டையில் படுத்த பிள்ளையையும் காத்தது. இதனினும் மலிவான மருத்துவம் எது?

2018-இல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் உணவுத்தொகை தொடங்கிற்று. 2024 நவம்பரில் அது 1,000 ஆயிற்று. வரவேற்கிறோம். ஆனால் குடும்பத்தாரின் உணவுக்கூடையோ கொடையாளர் மனத்தை நம்பி நிற்கிறது. வள்ளல் வந்தால் சோறு, வாராவிடின் நோயா?

1953-இல் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாய் விற்றனர் கழகத்தார். நெசவாளிக்குப் பிச்சை கேட்டல்ல, அவன் உழைப்புக்கு விலை கேட்டு! இன்றும் கேட்க வேண்டியது அதுவே. மருந்தை உரிமையாக்கிய அரசு, நோயுற்ற வீட்டின் உணவையும் உரிமையாக்கட்டும். கிருமியை மாத்திரை வெல்லும். எலும்புருக்கியை வெல்ல அடுப்பும் எரிய வேண்டும்!