பறக்காத விமானங்கள்

சென்ற கோடை விடுமுறைக்கு என் தங்கையின் பிள்ளை வந்திருந்தான். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே ஓர் அட்டைப் பெட்டியை என் மேஜை மேல் வைத்தான். பெட்டியின் மூடியில் ஒரு யுத்த விமானம் மேகத்தைப் பிளந்துகொண்டு பாய்கிறது. பின்னால் புகை, கீழே கடல். பார்த்தாலே நெஞ்சு படபடக்கும்.

"மாமா, இதை நாம ரெண்டு பேரும் சேர்ந்து செய்யலாமா?"

"செஞ்சு முடிச்சா பறக்குமாடா?"

"பறக்காது மாமா. அலமாரியிலே வெச்சுப் பார்க்கறதுக்குத்தான்."

"பறக்காத விமானத்துக்கு எதுக்குடா இத்தனை பாடு?" என்றேன்.

அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பத்து நாள் கழித்து, விரல் நுனியெல்லாம் பசையும் வர்ணமுமாக நான் உட்கார்ந்திருந்தபோது, எனக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. புத்தகங்களைப் புரட்டினேன். விளையாட்டுச் சாமான் என்று நினைத்துத் தொடங்கியது, இருபதாம் நூற்றாண்டின் சரித்திரத்துக்குள்ளேயே கொண்டுபோய் விட்டது.

பறக்குமா என்ற கேள்வியை முதன்முதலில் கேட்டவன் நானல்ல. இங்கிலாந்தில் 'பிராக்' என்ற பெயரில் விளையாட்டு விமானங்கள் விற்று வந்தார்கள். பிராக் என்றால் தவளை. 'தரையிலிருந்து நேரே எழும்பிப் பறக்கும்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைக் கோத்தால் அந்தப் பெயர் வரும். அதே கம்பெனியார் 1936-ஆம் வருஷம் வேறொரு சரக்கைக் கொண்டுவந்தார்கள். பிளாஸ்டிக் துண்டுகளை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்து, வாங்குகிறவனே ஒட்டிச் செய்துகொள்ளலாம் என்றார்கள். இந்த விமானம் எழும்பாது, பறக்காது. ஆகவே அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'பெங்குவின்'! சிறகிருந்தும் பறக்காத பறவை. வியாபாரிகளுக்கும் நகைச்சுவை உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். உலகத்தின் முதல் பிளாஸ்டிக் விமானக் கிட்டுகள் இவைதாம் என்கிறார்கள். கிளாஸ்டர் கிளாடியேட்டர், ஹாக்கர் ப்யூரி போன்ற அன்றைய இரட்டைச் சிறகு விமானங்கள் அவற்றில் இருந்தன.

அப்போது பயன்பட்ட பிளாஸ்டிக் செல்லுலோஸ் அஸிடேட் என்ற வகை. அதற்கு ஒரு கெட்ட குணம். வருஷம் ஆக ஆக வளைந்து முறுக்கிக்கொள்ளும். ஆசையாகச் செய்து வைத்த விமானத்தின் சிறகு, மழையில் நனைந்த அப்பளம்போல் ஆகிவிடும். இந்தப் பொழுதுபோக்கின் முதல் ஏமாற்றம் அதுதான் போலும்.

அந்த விமானங்களின் அளவு எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அதென்ன எழுபத்திரண்டு, நூறு என்றோ ஐம்பது என்றோ வைத்திருக்கக்கூடாதா என்று கேட்கலாம். கணக்கு எளிது. ஆறடி என்பது எழுபத்திரண்டு அங்குலம். ஆறடி மனிதன் இந்தப் பொம்மை உலகத்தில் ஓர் அங்குல உயரம் நிற்பான். அங்குலத்துக்கு ஆறடி என்ற அந்த முறை 1930-களில் இங்கிலாந்தில் மரத்தாலும் உலோகத்தாலும் மாதிரி விமானம் செய்தவர்களிடையே பிரபலமாயிற்று. அதுவே பிளாஸ்டிக்குக்கும் வந்து, இன்றுவரை நிலைத்திருக்கிறது.

பிறகு யுத்தம் வந்தது. அதோடு விளையாட்டு வினையாயிற்று.

வானத்தில் வரும் விமானம் நம்முடையதா, எதிரியுடையதா? இதை ஒரு நொடியில் சொல்லத் தெரியாத பீரங்கிக்காரன் தன் பக்கத்து விமானத்தையே சுட்டு வீழ்த்திவிடுவான். படத்தைக் காட்டிப் பயிற்சி கொடுத்தால் போதவில்லை. மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருப்பிப் பார்க்க மாதிரி வேண்டும். 1942 ஜனவரியில் அமெரிக்கக் கப்பற்படை பள்ளிப் பிள்ளைகளை உதவிக்கு அழைத்தது. ஐம்பது வகை விமானங்கள், வகைக்குப் பத்தாயிரம், ஆக ஐந்து லட்சம் மாதிரிகளை மரத்தில் செதுக்கித் தர வேண்டும் என்று கேட்டது. அளவு அதே எழுபத்திரண்டில் ஒன்று. வர்ணம் கறுப்பு, ஏனென்றால் உருவத்தை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். முப்பத்தைந்து அடி தள்ளி அந்த மாதிரியைத் தொங்கவிட்டுப் பார்த்தால், அரை மைலுக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் நிஜ விமானம் வருவதுபோல் இருக்கும். பிற்பாடு இந்த மாதிரிகளையும் பிளாஸ்டிக்கிலேயே வார்த்தெடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து உளி பிடித்த பன்னிரண்டு வயதுப் பையனை நினைத்துப் பார்க்கிறேன். அவன் செதுக்கியது விளையாட்டு விமானமா, ஆயுதமா?

யுத்தம் முடிந்த பிறகு இந்தக் கதையில் பெரிய பாத்திரமாக வருகிறவர் நிக்கோலஸ் கோவ் என்ற ஹங்கேரிக்காரர். அகதியாக இங்கிலாந்து வந்து சேர்ந்தவர். 1939-இல் அவர் தொடங்கிய கம்பெனி செய்தது விமானமல்ல, காற்றடைத்த ரப்பர் பொம்மைகள். வியாபாரக் கம்பெனிகளின் அகராதியில் தம் பெயர் முன்னால் வர வேண்டும் என்று 'ஏர்பிக்ஸ்' என்று பெயரிட்டார். அடுத்தபடியாகச் சீப்பு! பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் பீச்சியடிக்கும் இயந்திரத்தை வாங்கி, சீப்புகளாகச் செய்து தள்ளினார். 1949-இல் பெர்குசன் டிராக்டர் கம்பெனிக்காரர்கள், தங்கள் விற்பனையாளர்கள் கையில் எடுத்துப்போக ஒரு சின்ன டிராக்டர் மாதிரி செய்து தரச் சொன்னார்கள். அதைத் துண்டு துண்டாக வார்த்து ஒட்ட வேண்டியிருந்தது. ஒட்டுகிற வேலையை வாங்குகிறவனிடமே விட்டுவிட்டால் என்ன என்ற யோசனை அங்கே பிறந்தது.

1952-இல் டிரேக்கின் 'கோல்டன் ஹைண்ட்' கப்பல் கிட்டாக வந்தது. ஊல்வொர்த் கடைகளில் விலை இரண்டு ஷில்லிங்குக்கு மேல் போகக்கூடாது என்று நிபந்தனை. பெட்டிக்குக் கட்டுப்படியாகாது என்று ஒரு பாலிதீன் பையில் போட்டு, மேலே ஒரு காகிதத்தை மடித்து வைத்துத் தைத்து விற்றார்கள். ஏழைப் பையனும் வாங்கலாம். 1950-களின் முற்பாதியிலேயே ஸ்பிட்பயர் விமானமும் அந்த வரிசையில் சேர்ந்தது. அதை அமெரிக்காவின் அரோரா கம்பெனி செய்த மாதிரியைப் பார்த்துச் சிறிதாக்கிச் செய்தார்கள். காப்பியடிக்கும் மாணவனுக்குப் பக்கத்துப் பையனின் தப்பும் சேர்ந்து வருமல்லவா? அதே கதைதான்.

இந்தக் காலத்துக்குள் பிளாஸ்டிக்கும் மாறிவிட்டது. பாலிஸ்டைரீன் வந்தது; இது அப்பளமாக வளைவதில்லை. கறிவேப்பிலை இணுக்கில் இலைகள் இருப்பதுபோல், ஒரு பிளாஸ்டிக் காம்பில் விமானத்தின் அங்கங்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் கத்தியால் நறுக்கி எடுக்க வேண்டும். பிசிறு சீவ வேண்டும். இதற்குரிய பசை உண்மையில் பசையே அல்ல. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து, இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். ஒட்டியபின் பிரிக்க முடியாது. கல்யாண பந்தம்போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சிரமமெல்லாம் இங்கேதான். பெட்டியின் மேல் இருக்கும் படத்துக்கும் உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் துண்டுகளுக்கும் உள்ள தூரம் ஜாதகத்துக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தூரம். ஏர்பிக்ஸ் பெட்டிகளுக்கு 1964 முதல் பத்து வருஷம் ராய் கிராஸ் என்ற ஓவியர் வரைந்த படங்களைப் பார்த்து, எத்தனை பையன்கள் கைக்காசை இழந்தார்களோ! படத்தில் எரிந்து விழும் எதிரி விமானம் இருக்கும். பிற்காலத்தில், இது குழந்தைகளுக்கு ஆகாது என்று நெருப்பையும் வெடிகுண்டையும் அந்தப் படங்களிலிருந்து அழித்தார்கள்.

சிறகும் உடலும் சேரும் இடத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விழும். பிரமாதமில்லை என்று நினைப்பீர்கள். எழுபத்திரண்டால் பெருக்கிப் பாருங்கள். நிஜ விமானத்தில் அது ஒன்றரை அங்குலப் பிளவு! ஆகவே தச்சன் செய்வதுபோல் பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க, தகடு இணைப்பைக் காட்டும் நுண்ணிய கோடுகளும் மறைந்து போகும். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கெடும். கடுகளவு பாகம் விரலிலிருந்து தெறித்து ஓடினால், தரையில் தவழ்ந்து தேட வேண்டும். என் வயதில் அது சுலபமல்ல.

இத்தனையும் தாண்டி ஒரு சுகம் இருக்கிறது. நாற்பது துண்டுகளாகக் கிடந்தது, ஒரு மாலையில் திடீரென்று விமானத்தின் சாயல் பெறுகிறது. அந்த நிமிஷம் நாவலில் ஒரு பாத்திரம் முதன்முதலாகத் தானே பேசத் தொடங்கும் நிமிஷத்தைப் போன்றது. நான் சொல்லிக்கொடுத்து அது பேசவில்லை; ஆனால் நான் இல்லாமலும் பேசியிருக்காது.

இந்தப் பொம்மைகள் பெரிய மனிதர்களின் தூக்கத்தையும் கெடுத்திருக்கின்றன. 1961-இல் ரெவெல் என்ற அமெரிக்கக் கம்பெனி அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை உள்ளறைகளோடு கிட்டாகச் செய்து, மூன்று டாலருக்கும் குறைவாக விற்றது. மூடி மறைத்த ரகசியமெல்லாம் ரஷ்யர்களுக்குக் கடைவீதியில் கிடைக்கிறதே என்று அட்மிரல் ரிக்கோவர் கொதித்தார். 1986-இல் டெஸ்டர்ஸ் கம்பெனி, ரேடார் கண்ணுக்குத் தப்பும் ரகசிய விமானம் இது என்று 'எப்-19' என்ற மாதிரியை வெளியிட்டது. தங்களுக்கே காட்டாத விமானம் கடையில் எப்படி வந்தது என்று அமெரிக்கக் காங்கிரஸ் அங்கத்தினர்கள் கேட்டார்கள். 1988-இல் சர்க்கார் நிஜ விமானத்தை உலகுக்குக் காட்டியது. பெயர் 'எப்-117'. மாதிரி வழவழவென்று வளைந்திருந்தது; நிஜமோ வைரத்தைப் பட்டை தீட்டியதுபோல் மூலையும் முனையுமாக இருந்தது! கற்பனை செய்கிறவன் தோற்ற இடம் அது. தொழில் முறையில் எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.

பெங்குவினைப் பெற்ற பிராக்கின் கதி என்ன? 1970-களில் அதன் வியாபாரம் முடிந்தது. எஃகு அச்சுகள் பெரும்பாலும் சோவியத் ரஷ்யாவுக்குப் போயின. 'நோவோ' என்ற பெயரில் அங்கே வார்த்தார்கள். ஆனால் ஜெர்மன், ஜப்பானிய விமானங்களின் அச்சுகளை மட்டும் ரஷ்யர்கள் ஏற்கவில்லை. அவை வேறு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தன. யுத்தம் முடிந்து முப்பது வருஷம் ஆகியும், பொம்மை உருவத்தில்கூட அந்தச் சிறகுகள் தங்கள் மண்ணில் வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்கள். இழந்தவர்களுக்கல்லவா தெரியும்.

இனி எங்கள் பெட்டிக்கு வருகிறேன். அதற்குள் இருந்தது 'டிபையண்ட்' என்ற பிரிட்டிஷ் விமானம். அதை ஓட்டுகிறவனிடம் முன்னால் சுடத் துப்பாக்கி கிடையாது. அவனுக்குப் பின்னே ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகளோடு இன்னொருவன். 1940 மே 29 அன்று டன்கர்க் வானத்தில் 264-ஆம் அணி இந்த விமானத்தில் சென்று, 37 எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குச் சொன்னது. கணக்கு மிகை என்று பின்னால் தெரிந்தது. ஜெர்மானியர்கள் சீக்கிரமே சூட்சுமத்தைப் புரிந்துகொண்டு, துப்பாக்கி திரும்ப முடியாத முன்பக்கமும் கீழ்ப்பக்கமும் வந்து தாக்கினார்கள். அந்த ஆகஸ்டு முடிவதற்குள் பகல் சண்டையிலிருந்தே இதை விலக்க வேண்டியதாயிற்று. விமானம் விழும்போது கூண்டுக்குள் இருந்தவன் வெளியே வருவது மிகவும் கடினம்.

அந்த 264-ஆம் அணியின் பெயரோடு சேர்ந்திருந்த பட்டம் என்ன தெரியுமா? 'மதராஸ் பிரசிடென்ஸி'! நம் மாகாணம் யுத்த நிதிக்குக் கொடுத்த பணத்துக்காகச் சூட்டிய பெயர். 79, 234 என்ற அணிகளுக்கும் அதே பெயர் உண்டு. யார் யாரோ கொடுத்த ரூபாய்கள், எங்கோ ஒரு கடலின் மேல் பறந்திருக்கின்றன.

இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் கூண்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு துளி பசை அதிகமாகிவிட்டது. கண்ணாடி போன்ற அந்தப் பிளாஸ்டிக்கில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. துடைத்தால் இன்னும் கெடும் என்று தெரிந்தும் துடைத்தேன், இன்னும் கெட்டது. உள்ளே ஓர் அங்குலங்கூட இல்லாத மனிதன் உட்கார்ந்திருந்தான். மூடுபனிக்குள் தெரிவதுபோல் மங்கலாகத் தெரிந்தான்.

"கெடுத்துட்டேனேடா" என்றேன்.

பையன் விமானத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "பரவாயில்லே மாமா. நம்ம ரெண்டு பேரும் செஞ்சதுன்னு அடையாளமா இருக்கட்டும்" என்று சொன்னான்.

விடுமுறை முடிந்து அவன் ஊருக்குப் போனபோது விமானத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனான். ஆறரை அங்குலச் சிறகை விரித்துக்கொண்டு என் புத்தக அலமாரியில் நிற்கிறது. பறக்காது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்த்தால், அந்தக் கூண்டுக்குள் இருப்பவனை ஒரு கணம் நினைக்காமல் இருக்க முடிவதில்லை. நிஜ விமானங்களையெல்லாம் கடலும் காலமும் கொண்டுபோய்விட்டன. பறக்காத விமானத்துக்கு எதற்கு இத்தனை பாடு என்று அன்று கேட்டேனே, இப்போது கேட்பதில்லை.