கதவைத் தட்டாமல் வருகிறவர்கள்

நடுவர் அவர்களே! எதிரணியில் பேசிய தம்பி, "தப்புப் பண்ணாதவன் எதுக்குங்க பயப்படணும்?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீங்க. கொஞ்சம் பொறுங்க. தப்பு எதுவும் நிரூபணம் ஆகாத ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன்.

பெயர் கரக் சிங். உத்தரப் பிரதேசத்துக்காரர். 1941-ல் ஒரு கொள்ளை வழக்கில் பிடித்தார்கள். சாட்சியம் இல்லை, விட்டுவிட்டார்கள். அதோடு முடிந்ததா? ஸ்டேஷனில் அவர் பெயருக்கு ஒரு 'ஹிஸ்டரி ஷீட்' திறந்தார்கள். ராத்திரியில் கான்ஸ்டபிளும் ஊர்க் காவலாளியும் வந்து கதவைத் தட்டுவார்கள், சத்தம் போட்டு எழுப்புவார்கள். வெளியூர் போனால் சொல்லிவிட்டுத்தான் போகணும். நம்ம வீட்டு மாமியார்கூட இவ்வளவு கேட்கமாட்டாங்க! (சிரிப்பு)

மனுஷன் சும்மா இருக்கவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1962 டிசம்பர் 18-ல் தீர்ப்பு. ராத்திரியில் வீடு தேடி வருவது செல்லாது என்றார்கள். ஆனால் அந்தரங்கம் என்று ஓர் உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஆறு நீதிபதிகளில் இரண்டு பேர் இதை ஏற்கவில்லை. ஒருவர் கோகா சுப்பாராவ். நம்ம சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: ஒருத்தன் நம்மைக் கவனித்துக்கொண்டே இருக்கிறான் என்று தெரிந்துவிட்டால், திறந்த ரோட்டில் நடந்தாலும் அது சுதந்திரமான நடை இல்லை.

அடுத்தது டெலிபோன். ஒட்டுக்கேட்க அதிகாரம் தந்தது 1885-ல் வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டம். வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. 1991-ல் அரசியல்வாதிகளின் போன்கள் ஒட்டுக்கேட்கப்பட்டது பற்றிய சி.பி.ஐ. அறிக்கை ஒரு பத்திரிகையில் வெளிவந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் வழக்குப் போட்டது. தீர்ப்பு 1996-ல், அதே டிசம்பர் 18! நீதிபதியின் முன் அனுமதி வேண்டும் என்று வாதாடினார்கள். சட்டத்தில் அப்படி இல்லையே என்று நீதிமன்றம் தயங்கியது. உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போடட்டும், உயர் அதிகாரிகள் குழு ஒன்று அதைச் சரிபார்க்கட்டும் என்று முடித்தது.

எதிரணி அம்மா இங்கே ஒற்றாடல் அதிகாரத்தைத் துணைக்கு அழைத்தார்கள். நானும் தமிழ் வாத்தியார்தானே, விடுவேனா? அதே அதிகாரத்தில் வள்ளுவர், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனை விட்டுச் சரிபார் என்கிறார். தன் ஒற்றனையே அப்படியே நம்பாதவர் அவர்! நம்ம ஏற்பாட்டில் கேட்பதும் அரசாங்கம், அனுமதிப்பதும் அரசாங்கம், சரிபார்ப்பதும் அரசாங்கம். (கைதட்டல்)

கரக் சிங் வழக்கில் இல்லை என்ற உரிமையை, 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக 'உண்டு' என்றார்கள். வழக்குப் போட்ட புட்டசாமி ஓய்வுபெற்ற நீதிபதி, தொண்ணூறு வயதைத் தாண்டியவர். சுப்பாராவ் சொன்னது நிலைக்க ஐம்பத்தைந்து வருஷம் ஆச்சு. 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் வந்தது. கையெழுத்து மட்டும் இன்னும் நீதிபதி கைக்கு வரவில்லை.

தீவிரவாதியைக் கண்காணிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. காரணத்தை ஒரு நீதிபதியிடம் காட்டிவிட்டுக் கண்காணியுங்கள் என்கிறேன். கரக் சிங்குக்காவது கதவு தட்டும் சத்தம் கேட்டது; வழக்குப் போட்டார். நம்ம செல்போனில் டாக்டரிடம் பேசியது இருக்கு, பேங்க் கணக்கு இருக்கு, பெண்ணுக்கு வரன் பார்த்த பேச்சு இருக்கு. அதற்குள் வருகிறவர் தட்டுவதில்லை. வந்துபோனதாக நமக்குச் சொல்வதும் இல்லை. தெரியாத ஒன்றுக்கு எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது?

அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.