அமைதி கெடாமல் ஒரு திருட்டு

1984-ல் வெளிவந்த 'ரெப்போ மேன்' படத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் 'செம கல்ட் காமெடி' என்பார்கள். டிக்கியில் ஏலியன், காது கிழியும் பங்க் இசை, கடைசியில் பறக்கும் கார். எல்லாம் இருக்கிறதுதான். ஆனால் மூன்றாவது முறை பார்த்தபோது எனக்கு வேறு ஒரு கேள்வி வந்தது. இந்தப் பையன் ஊரறிய கார் கார்களாகக் கிளப்பிக்கொண்டு போகிறானே, போலீஸ் ஏன் இவனைப் பிடிப்பதில்லை? அதற்குப் பதில் தேடப் போய்த்தான் அமெரிக்கக் கடனின் வரலாற்றுக்குள் விழுந்தேன்.

முதலில் கதை. லாஸ் ஏஞ்சல்ஸில் ஆட்டோ என்று ஒரு பையன். எமிலியோ எஸ்டெவெஸ் நடித்தது. சூப்பர் மார்க்கெட்டில் டப்பா அடுக்குகிற வேலை, அதுவும் போய்விடுகிறது. தெருவில் சும்மா நடந்துகொண்டிருப்பவனை பட் என்கிற நடுவயசுக்காரர் (ஹாரி டீன் ஸ்டான்டன்) கூப்பிடுகிறார். மனைவிக்குப் பிரசவ நேரம், இந்த ஏரியாவிலிருந்து அவள் காரை ஓட்டிவந்து கொடுத்தால் இருபத்தைந்து டாலர் என்கிறார். பையன் ஏறி ஸ்டார்ட் பண்ணுகிறான். வீட்டிலிருந்து ஒருவர் கத்திக்கொண்டே ஓடிவருகிறார். கார் அவருடையது. ட்யூ கட்டவில்லை, அவ்வளவுதான். நம்மூர் ஃபைனான்ஸ் பாஷையில் சொன்னால், ஆட்டோ தனக்கே தெரியாமல் ஒரு வண்டியைத் தூக்கிவிட்டான்.

முதலில் இந்த வேலையே வேண்டாம் என்கிறான். வீட்டுக்குப் போனால், படிப்பை முடித்தால் தருவதாக அப்பா அம்மா சொல்லியிருந்த பணத்தை டிவி போதகர் ஒருவருக்குக் காணிக்கையாக அனுப்பிவிட்டார்கள். வாக்குக் கொடுத்த கடன் வீட்டிலேயே வராக்கடன் ஆகிறது. மறுபடி பட்டிடம் வந்து சேருகிறான். கம்பெனியின் பெயர் 'ஹெல்பிங் ஹேண்ட்', அதாவது உதவிக்கரம்.

இப்போது வரலாறு. தவணைக்குப் பொருள் விற்பது அமெரிக்காவில் 1850களிலேயே சிங்கர் தையல் மெஷினோடு சூடுபிடித்துவிட்டது. காருக்கு அதைப் பெரிதாகக் கொண்டுவந்தது ஜெனரல் மோட்டார்ஸ். கார் வாங்கக் கடன் கொடுப்பதற்கென்றே 1919-ல் தனி கம்பெனி தொடங்கினார்கள். ஹென்றி ஃபோர்டுக்குக் கடன் என்றாலே ஆகாது. அவர் 1923-ல் வேறொரு திட்டம் போட்டார்: வாரா வாரம் ஐந்து டாலர் கட்டு, முழுப் பணம் சேர்ந்ததும் காரை எடுத்துக்கொள். நம்மூர் நகைக்கடைச் சீட்டு மாதிரி. ஜனங்கள் மதிக்கவில்லை. இன்றைக்கே கார் வேண்டும், காசு அப்புறம் என்பவர்கள் பக்கம் சந்தை சாய்ந்தது. 1928-ல் ஃபோர்டு கம்பெனியும் கடன் கொடுக்க இறங்கிவிட்டது.

இதில் கடன் கொடுத்தவருக்கு ஒரு தலைவலி உண்டு. அடகுக்கடையில் நகை சேட்டின் பீரோவில் இருக்கும். கார்க் கடனில் அடகுப் பொருள் கடன் வாங்கியவரின் வாசலில் நிற்கிறது. அதற்கு நாலு சக்கரம் வேறு. பணம் வராவிட்டால் யாராவது போய்த்தான் அதை எடுத்துவர வேண்டும். கோர்ட், ஆர்டர், அமீனா என்று போனால் செலவு, நாள் எல்லாம் ஆகும். எனவே சட்டம் ஒரு குறுக்குவழி விட்டுவைத்தது. 1952-ல் வெளியாகி, பிறகு மாநிலம் மாநிலமாக ஏற்கப்பட்ட சீர்மை வணிகச் சட்டத் தொகுப்பு இப்படிச் சொல்கிறது: தவணை தவறினால், கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போகாமல் தானே பொருளை எடுத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, பொது அமைதி கெடக்கூடாது. கலிஃபோர்னியாவில் இது 1965 முதல் அமலுக்கு வந்தது.

அமைதி கெடுவது என்றால் என்ன? சட்டம் விளக்கவில்லை. வழக்கு வழக்காக கோர்ட்டுகள்தான் கோடு போட்டன. தெருவில் நிற்கிற காரை எடுக்கலாம். பூட்டிய கராஜை உடைக்கக் கூடாது. சொந்தக்காரர் வந்து 'எடுக்காதே' என்று தடுத்தால் பொதுவாக விட்டுவிட வேண்டும். இதன் நடைமுறை அர்த்தம் புரிகிறதா? அவர் தூங்கும்போது வா, சத்தம் போடாமல் கிளம்பு. அமைதியைக் காக்கச் சொன்ன சட்டம், வண்டி தூக்குபவனைத் திருடனைப் போலவே வேலை செய்ய வைத்துவிட்டது. ஆட்டோவும் பட்டும் ராத்திரியில் அலைவது படத்தின் அழகுக்காக மட்டும் இல்லை.

1972-ல் ஒரு முக்கியமான தீர்ப்பு வந்தது. ஃப்ளோரிடாவில் ஒரு பெண் தவணைக்கு வாங்கிய அடுப்பையும் ஸ்டீரியோவையும் ஷெரிஃபின் ஆட்கள் வந்து எடுத்துப்போய்விட்டார்கள். அடுப்பின் பராமரிப்பு விஷயத்தில் கடைக்காரரோடு தகராறு, அதனால் தவணையை நிறுத்தியிருந்தார். அவர் பக்கத்தை யாரும் கேட்கவில்லை. எடுப்பதற்கு முன்னால் விசாரணை வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இதுதான் ஃபுயன்டஸ் வழக்கு.

அடுத்து கலிஃபோர்னியாவில் கார் பறிகொடுத்தவர்கள் கேட்டார்கள்: அடுப்புக்கு விசாரணை வேண்டும் என்றால் எங்கள் காருக்கு வேண்டாமா? 1973-ல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வேண்டாம் என்றது. அடுப்பை எடுத்தது அரசாங்கத்தின் ஆள். காரை எடுப்பது தனியார். அரசியல் சாசனம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியாரை அல்ல. ஆக, பேட்ஜ் குத்திய ஷெரிஃப் கேட்டுவிட்டு வர வேண்டும். பேட்ஜ் இல்லாத பட் கேட்காமலே வரலாம். என் முதல் கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைத்தது.

படம் வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 1980 டிசம்பரில் அமெரிக்க வங்கிகளின் அடிப்படை வட்டி 21.5 சதவீதத்தைத் தொட்டது. 1982 கடைசியில் வேலையின்மை 10.8 சதவீதம். லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் கார் ஓடியது மட்டுமில்லை, கார் செய்யவும் செய்தார்கள். பிகோ ரிவேராவில் இருந்த ஃபோர்டு ஆலை 1980-ல் மூடப்பட்டது. சவுத் கேட்டில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982-ல். முந்தைய தலைமுறை கார் செய்து சம்பளம் வாங்கிய ஊரில், ஆட்டோவின் தலைமுறைக்குக் கிடைத்த வேலை கார் தூக்குவது.

இயக்குநர் அலெக்ஸ் காக்ஸ் லிவர்பூல் பக்கத்து ஆள், யுசிஎல்ஏ-வில் சினிமா படித்தவர். தெரிந்த ஒரு வண்டி தூக்குபவரோடு நிஜமாகவே சுற்றியிருக்கிறார். அது பட்டின் பேச்சில் தெரியும். கடன் என்பது அவருக்குக் கிட்டத்தட்ட மதம். கடனைக் கட்டாதவன் நாட்டுக்கே துரோகி என்கிற தோரணை. தொழிலுக்கு ஒரு விதிமுறையும் வைத்திருக்கிறார்: வண்டிக்கும் அதிலிருக்கும் சாமானுக்கும் சேதம் வரக்கூடாது. அசிமோவின் ரோபோ விதியைக் கிண்டலடித்தது அது. அசிமோவின் விதி மனிதனைக் காப்பாற்றும். பட்டின் விதி காரையும் சாமானையும் காப்பாற்றும், மனிதன் அதில் இல்லவே இல்லை. முதல் முறை சிரித்தேன், பிறகு சிரிப்பு அவ்வளவு சுலபமாக வரவில்லை.

ஆட்டோவின் பழைய சிநேகிதர்கள் துப்பாக்கியோடு கடைகளைக் கொள்ளையடிக்கிறார்கள். அதே வயசு, அதே தெரு. அவர்கள் எடுப்பதும் அடுத்தவர் பொருள், இவன் எடுப்பதும் அடுத்தவர் பொருள். நடுவில் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். அதனால் அவர்களில் டூக் குண்டடிபட்டுச் சாகிறான், இவனுக்குக் கமிஷன் வருகிறது. காக்ஸ் இதை வசனமாக விளக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். யாரிடமிருந்து வண்டி போகிறது, யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு பக்கமும் கையில் காசில்லாத ஆட்கள்தான். கடன் கொடுத்த வங்கிக்காரர் படத்தில் முகம் காட்டுவதே இல்லை.

யுனிவர்சல் ஸ்டுடியோ படத்தைத் தியேட்டரிலிருந்து சீக்கிரமே எடுத்துவிட்டது. பங்க் பாடல்கள் அடங்கிய ஆல்பம் நன்றாக விற்றதால்தான் படம் திரும்பி வந்தது. படத்துக்கே தவணை தவறி, பிறகு மீட்கப்பட்ட மாதிரி.

கதை முழுக்க எல்லோரும் துரத்துவது ஒரு 1964 செவி மலிபுவை. அதன் தலைக்கு இருபதாயிரம் டாலர். பட், போட்டி கோஷ்டி, அரசாங்க ஏஜென்டுகள், எல்லோருக்கும் அது வேண்டும். கடைசியில் அது பச்சையாக ஒளிர்கிறது, யாரையும் கிட்ட விடுவதில்லை. அதில் உட்கார முடிவது மில்லர் ஒருவரால்தான். யார்டில் எடுபிடி வேலை பார்ப்பவர், கார் ஓட்டினால் புத்தி மழுங்கும் என்று ஸ்டியரிங்கைத் தொடாதவர். அவர் கூப்பிட ஆட்டோவும் ஏறிக்கொள்கிறான். கார் நகரத்துக்கு மேலே எழும்புகிறது. கீழே தெருத்தெருவாக விளக்குகள். அவற்றுக்கடியில் எத்தனையோ கார்கள் தவணையில் நின்றுகொண்டிருக்கும்.