மயிர்வேர் வளர்ப்பு

மயிர்வேர் வளர்ப்பு என்பது வேரில் உண்டாகும் மருந்துப் பொருளைச் செடியும் மண்ணும் இல்லாமல், வேரை மட்டும் குடுவையில் வளர்த்துப் பெறும் ஆய்வக முறை. 1902இல் தாவரவியலாளர் ஹாபர்லாண்ட் செடியின் தனி உயிரணுக்களை வளர்க்கப் பார்த்தார், அவை பெருகவில்லை. வெட்டிய தக்காளி வேர்நுனியை 1934இல் பிலிப் ஒயிட் இடைவிடாமல் வளர்த்துக் காட்டியதிலிருந்தே இத்துறையின் வரலாற்றைத் தொடங்குவது பொருந்தும். ஆயினும் அறுத்தெடுத்த வேர் பொதுவாக மெல்லத்தான் வளரும்; அதற்கு வேகம் தந்தது ஒரு நோய்க்கிருமி. அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற மண் பாக்டீரியா, தன் டி.என்.ஏ.வின் ஒரு துண்டைச் செடியின் மரபணுத் தொகுதிக்குள் செருகிவிடுகிறது என்பது 1982இல் உறுதியானது. கீறிய இலைத்துண்டில் இதைத் தடவினால், சில வாரங்களில் வெட்டுவாயில் வெள்ளை வேர்கள் மயிர்போலச் சிலிர்த்து நிற்கும். அவற்றை நறுக்கி, செஃபோடாக்சிம் கலந்த ஊடகத்தில் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டால், ஹார்மோன் எதுவும் ஊட்டாமலே குலுங்கும் குடுவையில் கிளைவிட்டுக்கொண்டே போகும். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமுக்கரா மயிர்வேரில் சாலிசிலிக் அமிலம் சேர்த்து, அதன் மருந்துப் பொருள்களான விதனோலைடுகளைப் பல மடங்கு பெருக்கி 2013இல் வெளியிட்டனர்.

மருந்துப் பொருளுக்காக வயலில் வளர்க்கும் செடிகளும் உண்டு. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரத்து மானாவாரி நிலங்களில் அப்படி நித்தியகல்யாணி பயிராகிறது. ஆறாம், ஒன்பதாம் மாதங்களில் இலை பறித்து, ஆண்டு முடிவில் வேரைத் தோண்டுவார்கள். வேரில் அஜ்மாலிசின் என்ற மருந்துப் பொருள், இலையில் புற்றுநோய் மருந்துகளான வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின். குடுவை வந்தால் இந்த வயல் போய்விடும் என்பது மிகையான அச்சம். மயிர்வேர், வேர் செய்வதை மட்டுமே செய்யும். வின்பிளாஸ்டினின் இரு பாதிகளில் கேத்தரந்தின் வேரிலும் உண்டு. மற்றப் பாதியான விண்டோலினின் கடைசிப் படிகளோ இலையில்தான் நிறைவேறுகின்றன. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு 500 கிலோவுக்கு மேல் காய்ந்த இலை வேண்டியிருக்கிறதே, இது வீணல்லவா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, அதற்கு விடை தேடுவது வேர் அல்ல, ஈஸ்ட். 2022இல் மரபணு மாற்றிய ஈஸ்ட் இரு பாதிகளையும் செய்து காட்டியது. இலை வியாபாரிக்குப் போட்டி வருமானால் அங்கிருந்துதான் வரும். காட்டுச் செடியைக் காக்கலாம் என்ற வாதம் சர்ப்பகந்தாவுக்குச் செல்லும். ஆடு தொடாமல் சுடுகாட்டிலும் மண்டும் நித்தியகல்யாணிக்குச் செல்லாது. மிஞ்சுவது அஜ்மாலிசின் வேர். அதிலும் கிருமி நீக்கம், சர்க்கரை, மின்சாரம் என்று குடுவைக்கு ஆகும் செலவு மழையை நம்பிய நிலத்துக்கு இல்லை. வயலில் நான்கு முதல் ஆறு ஆண்டு பிடிக்கும் ஜின்செங்குக்கு அந்தச் செலவு கட்டுபடியாகிறது. கொரியாவில் அதன் வேர் பெரிய கலன்களில் வணிக அளவில் வளர்கிறது, அதுவும் பாக்டீரியா படாத வேர். இந்தியாவில் மயிர்வேர் வளர்ப்பு பெரும்பாலும் ஆய்வக அளவில் உள்ளது.