பாட்டும் பருவமும் - 17: நெடிய பாடகரும் குட்டிக் காளானும்

இசையமைப்பாளர் ஷூபர்ட் தன் நண்பர் ஷோபர் வீட்டில் மற்ற நண்பர்களைக் கூட்டிவைத்து ‘குளிர்காலப் பயணம்’ என்ற பாட்டுத் தொகுதியைப் பாடிக்காட்டிய நாளை இந்த வாரம் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதுகிறேன். அதற்கு முன் ஃபோகிளைப் பார்த்துவிட்டு வருவோம். அந்த ஆசாமியைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை.

யோஹான் மைக்கேல் ஃபோகிள் வியன்னா அரசவை ஆபராவின் பெரிய நட்சத்திரம். 1814-ல் பேத்தோவனின் ‘ஃபிடெலியோ’வில் கொடியவன் பிஸாரோவாகப் பாடியவர். கிரேக்க ஞானி எபிக்டெட்டஸை விரும்பிப் படிப்பவர். 1817-ல் ஷோபர் இவரை நச்சரித்து, இருபது வயது ஷூபர்ட்டைப் பார்க்க வரவழைத்தார். விறைப்பாகத்தான் வந்தார் மனுஷர். தாள்களைப் புரட்டினார், வாய்க்குள்ளேயே பாடிப் பார்த்தார். ‘சரக்கு இருக்கிறது, ஜம்பம்தான் போதாது’ என்கிற தோரணையில் ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். ஆனால் அந்தப் பாட்டுகள் அவரை விடவில்லை. சீக்கிரமே, கூப்பிடாமலே வர ஆரம்பித்தார்.

1821 மார்ச் 7. வியன்னாவின் கெர்ட்னர்டோர் அரங்கில் ஷூபர்ட்டின் ‘எர்ல்கோனிக்’ பாடினார் ஃபோகிள். பதிப்பாளர்கள் வேண்டாமென்று தள்ளிய பாட்டு அது. கூட்டம் மறுபடி பாடச் சொன்னது. 1825 கோடையில் இருவரும் ஸ்டெயர், லின்ஸ், காஸ்டைன் என்று ஊர் ஊராகச் சுற்றினார்கள். அந்தக் காலத்துக் கேலிச்சித்திரம் ஒன்று உண்டு. முன்னால் மலைபோல ஃபோகிள், பின்னால் குள்ளமாக, கண்ணாடி போட்ட ஷூபர்ட். நண்பர்கள் ஷூபர்ட்டுக்கு வைத்த செல்லப்பெயரே ‘குட்டிக் காளான்’தான்!

ஃபோகிள் தன் இஷ்டத்துக்குச் சங்கதி போட்டு ஷூபர்ட்டின் பாட்டைக் கெடுத்தார் என்று பண்டிதர்கள் குறைப்படுவார்கள். போட்டுவிட்டுப் போகட்டும். அவர் பாடியிராவிட்டால் அந்தப் பாட்டுகளை வியன்னா காதில் வாங்கியிருக்குமா?

இடம் தீரப்போகிறது. 1827-க்கு, ஷோபர் வீட்டில் ‘குளிர்காலப் பயணம்’ பாடிய நாளுக்கு வந்துவிடுவோம். முன்பு 1823-ல் ஓடைக்கரைப் பசுமையில் மில் முதலாளி மகளைக் காதலித்தவனின் கதையை 20 பாட்டில் சொன்ன ஷூபர்ட், இப்போது காதல் கைவிட்டவனைப் பனியில் நடக்கவிடுகிறார். கவிதை இரண்டுக்கும் வில்ஹெல்ம் ம்யூல்லருடையதுதான். இங்கே மொத்தம் 24 பாட்டு. வசந்தம் இதில் கனவில் மட்டும் வரும். சேவல் கூவியதும் அதுவும் போய்விடும். கேட்ட நண்பர்கள் திகைத்து உட்கார்ந்திருந்தார்கள். ‘லிண்டன் மரம்’ ஒன்றுதான் பிடித்தது என்றார் ஷோபர். ஷூபர்ட் அசரவில்லை. தன் மற்ற எல்லாப் பாட்டையும்விட இவையே தனக்குப் பிடித்தவை, உங்களுக்கும் ஒருநாள் பிடிக்கும் என்றார். பிடிக்கத்தான் செய்தது, ஃபோகிள் பாடிய பிறகு. ஷோபரை நான் மன்னிப்பதாக இல்லை.

மரணப் படுக்கையில் ஷூபர்ட் ‘குளிர்காலப் பயண’த்தின் இரண்டாம் பாதிக்கு மெய்ப்புத் திருத்திய கதை அடுத்த வாரம். அதற்குள் பதினோராவது பாட்டான ‘வசந்தக் கனவை’ ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள்.