பாரசீகர் இல்லமும் மாந்தைத் துறையும்

மன்னாரிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் இருப்புப்பாதையிலே, மன்னார் நகரைக் கடந்தபின் வருவது தோட்டவெளி என்னும் சிற்றூர். 1544ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் உயிர்நீத்த கிறித்தவர்களின் நினைவைப் போற்றும் ஆலயம் அங்கே உண்டு. அந்நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, இந்தக் கரையோரத்திற்கு அயல்நாட்டார் கப்பலேறி வந்தனர். வந்து தங்கியும் இருந்தனர். அவர்களுள் பாரசீகரும் இருந்தனர் என்பது பலரும் அறியாத செய்தி.

மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலத்தில், திருக்கேதீச்சரத்தை அடுத்து இருந்தது மாந்தைத் துறை. தமிழிலே மாதோட்டம் என்றும், பாளியிலே மகாதித்த என்றும் அது வழங்கிற்று. பாய்மரக் கப்பல்களின் காலத்தில் கடற்பயணத்தை நடத்தியது பருவக்காற்றே. ஒரு பருவக்காற்றில் வந்த கப்பல், மறு பருவக்காற்று எழும்வரை திரும்பிச் செல்ல இயலாது. கப்பல் காத்திருந்தால் வணிகனும் காத்திருக்கவேண்டும். ஆகவே துறைமுகம் என்பது சரக்கு இறங்கும் இடம் மட்டுமன்று. அயலார் மாதக்கணக்கில் உண்டு, உறங்கி, நாட்களைக் கழிக்கும் இடமுமாகும்.

கி.பி. ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அலெக்சாந்திரியா நகரத்து வணிகராயிருந்த கொஸ்மாஸ் என்பவர் இலங்கையைப் பற்றி எழுதி வைத்துள்ளார். பாரசீகத்திலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் கப்பல்கள் இத்தீவுக்கு வந்தன என்றும், இங்கே தங்கியிருந்த பாரசீகக் கிறித்தவர்களுக்கு ஒரு கோயிலும், பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்ட குருவும் உண்டு என்றும் அவர் கூறுகின்றார். 1912இல் அனுராதபுரத்தில் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவையை அக்கூட்டத்தாருடன் தொடர்புபடுத்துவர் ஆய்வாளர். கோயிலும் குருவும் வேண்டியிருந்தனவென்றால், அவர்கள் ஓரிரவு தங்கிப் போனவர்கள் அல்லர். இங்கே வீடும் வாசலும் கொண்டிருந்தவர்கள் என்றே கொள்ளவேண்டும்.

கொஸ்மாஸ் கூறும் கதை ஒன்று சுவையானது. சொபாத்திரர் என்னும் உரோம வணிகர் ஒருவரும் பாரசீகர் சிலரும் ஒரே வேளையில் இலங்கைத் துறையில் வந்திறங்கினர். துறைத் தலைவரும் சுங்க அதிகாரிகளும் அவர்களை வரவேற்று அரசனிடம் அழைத்துச் சென்றனர். அரசன் அவர்களை அமரச்செய்து நலம் விசாரித்தபின், உங்கள் அரசர்களுள் எவர் பெரியவர் என்று வினவினான். பாரசீகர் முந்திக்கொண்டு தம் அரசரைப் புகழ்ந்தார். சொபாத்திரரோ, இருவரின் நாணயங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி வேண்டினார். உரோமருடையது பொன், பாரசீகருடையது வெள்ளி. இரண்டையும் புரட்டிப் பார்த்த அரசன் பொன்னையே மெச்சி, சொபாத்திரரை யானைமீது ஏற்றி, முரசு முழங்க நகர்வலம் வரச்செய்தான். உரோமர் பக்கத்திலிருந்து சொல்லப்பட்ட கதையாதலின் உரோமர் வென்றதில் வியப்பில்லை. வந்த அயலாரை அமரச்செய்து நலம் விசாரிப்பது அரசவை வழக்கமாயிருந்தது என்பதே இங்கு கருதத்தக்கது.

1980 முதல் 1984 வரை மாந்தையில் நடந்த அகழ்வில், பாரசீக வளைகுடாப் பகுதியின் நீலப்பச்சை மெருகிட்ட சாடிகளின் உடைசல்களும் சீன மட்கல ஓடுகளும் வெளிப்பட்டன. பின்னர் போர் மூண்டதால் அப்பணி தடைப்பட்டது. துறையோ பதினோராம் நூற்றாண்டளவிலேயே ஒளி மங்கிவிட்டது. பாரசீகர் கொணர்ந்த சாடியின் ஓடு எஞ்சியது. அவர் வாழ்ந்த வீடு இதுவென்று சுட்டிக்காட்ட ஒன்றும் நிலைத்து நிற்கவில்லை.

பாரசீகரின் வீட்டைக் காணவேண்டுமாயின் ஈரானில் காசான், யசுது ஆகிய பழைய நகரங்களுக்குத்தான் செல்லவேண்டும். அங்கு இன்று நிற்பவை கொஸ்மாஸ் காலத்து வீடுகள் அல்ல. காசான் நகரை 1778இல் நிலநடுக்கம் அழித்தது. அங்குள்ள புகழ்பெற்ற மாளிகைகள் அதற்குப் பின்னர், பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தவை. ஆயினும் வீட்டின் அமைப்பிலே பழைமையான மரபொன்று தொடர்ந்தது.

தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அவ்வீடு வெறும் மண்சுவராகவே தோன்றும். கதவில் இரண்டு தட்டிகள் இருக்கும். ஒன்றின் ஓசை கனத்தது, மற்றதின் ஓசை மெல்லியது. வந்திருப்பவர் ஆணா பெண்ணா என்பதை உள்ளிருப்போர் அந்த ஓசையாலேயே அறிவர். கதவைக் கடந்தால் எண்கோண வடிவான ஒரு முன்கூடம். அதிலிருந்து வளைந்து செல்லும் நடைவழி. அந்த வளைவினால், வாயிலில் நிற்பவரின் பார்வை முற்றத்தை எட்டாது. முற்றத்தின் நடுவே நீர்த்தொட்டி, சுற்றிலும் அறைகள். வெயிற்காலத்திற்கு நிழற்பக்கத்து அறை, குளிர்காலத்திற்கு வெயிற்பக்கத்து அறை என்று குடும்பம் இடம்மாறி வாழும். கூரைமேல் உயர்ந்து நிற்கும் காற்றுக்கோபுரம் மேற்காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும். விருந்தினருக்குப் புறமனை, பெண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் அகமனை எனப் பெரிய வீடுகள் இரண்டாகப் பிரிந்திருக்கும்.

இதைக் கேட்கும் யாழ்ப்பாணத்தவருக்கு நாற்சார் வீடு நினைவுக்கு வரும். அதற்கும் நடுவே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் திறந்த வானம். வேறுபாடு வாசலில் இருக்கின்றது. தமிழர் வீடு தெருப்பக்கமே திண்ணையை வைத்து, யாரென்று கேளாமலே வழிப்போக்கனை அமரச்செய்தது. பாரசீகர் வீடு அறிந்த விருந்தினனைப் புறமனையில் உபசரித்தது. அறியாத வழிப்போக்கனுக்கு நெடுஞ்சாலைதோறும் சத்திரங்களை வைத்தது. அவற்றுள் 54 சத்திரங்களை 2023இல் யுனெசுக்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இருபதாம் நூற்றாண்டில் பல குடும்பங்கள் புதுமனைகளை நாடிச் சென்றன. மண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசிய கூரையும் சுவரும் சில ஆண்டுகளுக்கொருமுறை மறுபூச்சுக் கேட்பவை. ஆளில்லாத வீட்டில் யார் பூசுவர்? மழை இறங்கிற்று, சுவர் சரிந்தது. பின்னர் எஞ்சியவற்றைச் செப்பனிட்டபோது, சில அருங்காட்சியகங்களாயின, சில விடுதிகளாயின. யசுதுவின் பழைய நகரம் 2017இல் உலக மரபுரிமையானது. அங்கே சிறு தொகைக்குக் கூட்டறையிலே ஒரு கட்டில் பெற்று, முற்றத்து மேடைக் கம்பளத்தில் அமர்ந்து தேநீர் அருந்தும் வாய்ப்பு எளிய பயணிக்கும் உண்டு. ஒருகாலத்தில் அந்நியனின் கண்பார்வையும் படக்கூடாதென்று காத்த அகமனையிலே இன்று அந்நியன் உறங்குகின்றான். குடும்பத்தின் வாழ்வு அங்கிருந்து போய்விட்டது. அது இழப்பே. ஆனால் பயணி கொடுக்கும் சிறு தொகைகள் சேர்ந்தே அடுத்த மறுபூச்சுக்கு மண்ணும் வைக்கோலும் வாங்க உதவுகின்றன.

மன்னார்க் கரையும் வழிப்போக்கரின் கரையே. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியபின், இருகரை மக்களும் இவ்வழியே சென்று வந்தனர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்திலிருந்து நடந்த சேவையும் 1984இல் போரினால் நின்றது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற அயலூர்களின் வீடுகள் வெறுமையாயின. போரில் இடம்பெயர்ந்த தமிழரின் வீடுகளும் கூரையிழந்தன. வேயப்படாத ஓலைக்கூரைக்கும் பூசப்படாத மண்கூரைக்கும் முடிவு ஒன்றே.

போர் 2009இல் முடிந்தது. புகைவண்டி 2015இல் தலைமன்னாருக்குத் திரும்பிற்று. திருக்கேதீச்சரத்திற்கும் மடுவுக்கும் தோட்டவெளிக்கும் அடியார் வருகின்றனர். வங்காலைக் கழிமுகத்துப் பறவைகளைக் காண்போரும் வருகின்றனர். உரியவர் இசைவோடும் உரிமையோடும், எஞ்சிய பழைய வீடுகளுள் சிலவேனும் இவர்களுக்குக் குறைந்த செலவில் தங்குமிடமாகலாம். மாந்தையில் பாரசீகரின் வீட்டைக் காக்க எவருக்கும் காரணம் இருக்கவில்லை. துறை அடங்கியதும் வீடும் அடங்கிற்று. இன்று நிற்கும் வீடுகளுக்கு அக்காரணத்தைத் தரக்கூடியவர்கள் அந்த வழியே வரும் பயணிகளே.